பேசாத ஈஎஸ்பி-01: ஒரு தண்ணீர்த் தொட்டி, பத்து நாள், ஐந்து பழுது

பின்னணி

பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மே விடுமுறைக்கு ஆசிரியரின் அக்கா மகள் வந்திருந்தார்; எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டு முடித்தவர். நான் அந்த ஆசிரியரிடம் பள்ளியில் படித்தவன். இப்போது கோவையில் ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்பு வேலை. இந்த நிகழ்வில் நடுவில்தான் உள்ளே வந்தேன். ஒரு தவறு என்னாலும் நடந்தது, அதையும் எழுதியிருக்கிறேன்.

தேவை சின்னதுதான். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. கிணற்று மோட்டாரை மும்முனை கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போட வேண்டும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் மாடி ஏற ஆசிரியரின் மனைவிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மட்டம் செல்போனில் தெரிந்தால் போதும். மோட்டாரைத் தானாக நிறுத்துவது திட்டத்தில் இல்லை. அது இல்லாமல் போனதும் நல்லதுதான், ஏன் என்று பிறகு தெரியும்.

மாணவியின் பெட்டியில் கல்லூரி மினி புராஜெக்டில் மிஞ்சிய சாமான்கள் இருந்தன: ஒரு ஆர்டுயினோ யூனோ கன்ட்ரோலர் போர்டு, ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சார், தபால்தலை அளவில் ஒரு ஈஎஸ்பி-01 வைஃபை மாட்யூல், ஒரு கட்டு ஜம்பர் ஒயர். சென்சார் தூரத்தை அளக்கும், யூனோ அதைச் சீரியல் (ஒயரில் பிட் பிட்டாக அனுப்பும் முறை) வழியாக மாட்யூலுக்குச் சொல்லும், மாட்யூல் வீட்டு வைஃபை வழியாக இலவச இணைய சேவை ஒன்றுக்கு அனுப்பும். வரைபடம் போட்டால் மூன்று கட்டம், இரண்டு கோடு. அந்த இரண்டாவது கோடுதான் பத்து நாளைத் தின்றது.

முதல் நாள்: பேசியது

மாணவி நல்ல இடத்தில்தான் தொடங்கினார். புரோகிராம் எதுவும் எழுதாமல், மாட்யூல் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க நினைத்தார். யூனோவின் ரீசெட் பின்னை கிரவுண்டோடு கட்டிவிட்டால் அதன் முதன்மைச் சிப் முடங்கிவிடும். போர்டில் இருக்கும் யுஎஸ்பி சிப் மட்டும் வேலை செய்யும். அப்போது யூனோ வெறும் யுஎஸ்பி-சீரியல் ஒயர் மாதிரி நடந்துகொள்ளும். டிஎக்ஸ் என்பது பேசும் பின், ஆர்எக்ஸ் கேட்கும் பின். மாட்யூலின் டிஎக்ஸ் யூனோவின் டிஎக்ஸுக்கு, ஆர்எக்ஸ் ஆர்எக்ஸுக்கு. மின்சாரம் யூனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து. மாட்யூலை இயக்க நிலையில் வைக்கும் சிஹெச்-பிடி பின்னும் அதே 3.3-இல்.

சீரியல் மானிட்டரில் 115200 வேகம் (விநாடிக்கு இத்தனை பிட்) வைத்து, மாட்யூல் இருக்கிறதா என்று கேட்கும் ‘ஏடி’ கட்டளையை அடித்தார். பதில் இல்லை. அரை மணி நேரம் கழித்து, மானிட்டரின் கீழே இருக்கும் வரிமுடிவுப் பட்டியலை ‘இரண்டும்’ என்று மாற்றிய உடனே ‘ஓகே’ வந்தது. இந்த மாட்யூலின் ஃபெர்ம்வேர் (உள்ளேயே பதிந்திருக்கும் புரோகிராம்), கட்டளை முடிந்தது என்று தெரிந்துகொள்ள கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் இரண்டையும் எதிர்பார்க்கிறது. ஒன்று குறைந்தாலும் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருக்கும்.

அன்று ராத்திரி வீட்டில் பாயசம் என்று கேள்வி.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனையில் யூனோவின் 5 வோல்ட் சிக்னல் நேராக 3.3 வோல்ட் மாட்யூலின் ஆர்எக்ஸுக்குப் போனது. மாட்யூல் பிழைத்தது அதிர்ஷ்டம்.

இரண்டாம் நாள்: வாய் மூடியது

அடுத்த நாள் ரீசெட் ஒயரைக் கழற்றிவிட்டு, சாதாரணப் பின்களையே சீரியலாகப் பயன்படுத்த உதவும் சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரியில் புரோகிராம் எழுதினார். யூனோவில் ஹார்டுவேர் சீரியல் ஒன்றே ஒன்று. அது யுஎஸ்பிக்குத் தேவை. அதனால் 2-ஆம் பின்னில் கேட்பது, 3-ஆம் பின்னில் பேசுவது என்று அமைத்தார். ஒயர்களை முந்தைய நாள் போலவே, டிஎக்ஸுக்கு டிஎக்ஸ் என்று மாட்டினார். மௌனம்.

இந்த இடம் பலரையும் கவிழ்க்கும் இடம். முதல் நாள் ‘டிஎக்ஸுக்கு டிஎக்ஸ்’ வேலை செய்ததற்குக் காரணம், யூனோவில் அச்சடித்திருக்கும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்ற பெயர்கள் முதன்மைச் சிப்பின் பார்வையில் எழுதப்பட்டவை. முதன்மைச் சிப் முடங்கிக் கிடக்கும்போது அதே ஒயரின் மறுமுனையில் இருப்பது யுஎஸ்பி சிப். முதன்மைச் சிப்பின் வாய் எந்த ஒயரோ அதுதான் யுஎஸ்பி சிப்பின் காது. எனவே அங்கே நேராக மாட்டுவதே குறுக்கே மாட்டுவது. புரோகிராம் ஓடும்போது கதை வேறு: பேசும் 3-ஆம் பின் மாட்யூலின் ஆர்எக்ஸுக்கும், கேட்கும் 2-ஆம் பின் மாட்யூலின் டிஎக்ஸுக்கும் போக வேண்டும். முதல் நாள் வெற்றி இரண்டாம் நாளுக்குத் தப்பான பாடமாகிவிட்டது.

மதியத்துக்குள் அவர் ஒயரை மாற்றியும் பார்த்துவிட்டார். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து ஜிபிஐஓ-0 பின்னை கிரவுண்டோடு கட்டியிருந்தார். அந்தப் படம் மாட்யூலுக்குப் புது ஃபெர்ம்வேர் ஏற்றுவதற்கானது. ஜிபிஐஓ-0 தரையில் இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் மாட்யூல் ‘புரோகிராம் அனுப்பு’ என்று காத்திருக்கும் நிலைக்குப் போய்விடும். ஏடி கட்டளை எதற்கும் பதில் சொல்லாது. ஆக ஒயர் சரியான வேளையில் இந்தப் பின் தப்பாக இருந்தது. மாலையில் அந்த கிரவுண்டு இணைப்பை எடுத்தபோது ஒயரை மறுபடி மாற்றியிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருந்த நிமிடம் அன்று ஒன்றுகூட இல்லை.

மின்சாரம் கொடுக்கும்போது மட்டும் மாட்யூலின் நீல விளக்கு ஒரு தடவை மின்னும், திரையில் கட்டம் கட்டமாக, தலைகீழ்க் கேள்விக்குறியாக ஒரு வரிக் குப்பை விழும். அதோடு சரி.

மூன்றாம் நாள்: நான் சொன்ன யோசனை

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆசிரியர் கூப்பிட்டார். “ஏம்ப்பா, இந்தக் கண்ணு ரெண்டு நாளா சோறு திங்காம உக்காந்திருக்குது. கொஞ்சம் என்னன்னு கேளு” என்று போனை அவரிடம் கொடுத்தார்.

“அண்ணா, லைட் எரியுது, ஆனா பேச மாட்டேங்குது.”

மாட்யூலுக்கு மின்சாரம் எங்கிருந்து என்று கேட்டேன். யூனோவின் 3.3 வோல்ட் பின் என்றார். எனக்கு வேறு கேள்வியே தோன்றவில்லை. அந்தப் பின்னுக்கு 50 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. மாட்யூலில் உள்ள ஈஎஸ்பி8266 சிப் வைஃபையில் அனுப்பும்போது டேட்டாஷீட்டே 170 மில்லி ஆம்பியர் என்கிறது. கணநேர உச்சம் அதற்கும் மேலே போகும். “பழைய போன் சார்ஜரும் ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டரும் எடுத்துத் தனியா கரண்ட் கொடு. அப்புறம் சாஃப்ட்வேர் சீரியலுக்கு 115200 தாங்காது, 9600-க்கு மாத்திடு” என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு யோசனையும் சரி. சொன்ன விதம் தப்பு. முதலாவதில், சார்ஜரின் கிரவுண்டையும் யூனோவின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லவில்லை. சிக்னல் என்பது கிரவுண்டிலிருந்து அளக்கும் உயரம். இரண்டு போர்டுக்கும் தரை ஒன்றாக இல்லையென்றால் ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு அர்த்தமில்லை. இரண்டாவதில், 9600 என்பதை மாட்யூலுக்குள் மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் புரோகிராமில் இருந்த எண்ணை மட்டும் மாற்றினார். மாட்யூல் பழையபடி 115200-இல் பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் குப்பை எழுத்தும் நின்றுபோனது. முன்பு ஏதோ ஒன்றாவது வந்தது, இப்போது எதுவும் இல்லை. “மாட்யூல் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்ணா” என்று மெசேஜ் வந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிறு: எல்லாவற்றையும் கழற்றினோம்

நேரில் போனேன். கையில் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் ஒரு யுஎஸ்பி-டிடிஎல் ஒயர், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும், சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன ஆசிலோஸ்கோப், மல்டிமீட்டர்.

முதலில் புது மாட்யூல் வாங்கிவிடலாமா என்ற பேச்சு வந்தது. யுஎஸ்பியும் ரெகுலேட்டரும் சேர்ந்தே வரும் ஈஎஸ்பி8266 போர்டு ஒன்று வாங்கினால் யூனோவே தேவையில்லை, பாதிப் பிரச்சினை காணாமல் போகும். வேலை நடக்க வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்தால் அதுதான் சரியான யோசனை. ஆனால் ஆர்டர் போட்டு வர நான்கு நாளாகும். அதோடு மாணவி, “ஏன் பேசலைன்னு தெரியாம வேற வாங்குனா, அதுவும் பேசலைன்னா என்ன பண்றதுங்கண்ணா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முடிவு: கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கி வெளியே போவது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் ஆசிரியர் நோட்டில் எழுதுவது. ஆய்வக ரெக்கார்டு மாதிரி இடது பக்கம் மாற்றியது, வலது பக்கம் பார்த்தது. அவர் அதை ரொம்ப ரசித்துச் செய்தார்.

முதல் படி லூப்பேக். யூனோவில் மாட்யூல் எதுவும் இல்லாமல், ரீசெட்டை கிரவுண்டில் கட்டி, 0-ஆம் பின்னையும் 1-ஆம் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தோம். மானிட்டரில் அடித்தது அப்படியே திரும்பி வந்தது. யுஎஸ்பி ஒயர், டிரைவர், மானிட்டர், போர்டின் யுஎஸ்பி சிப் எல்லாம் நலம் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்தது. இதைப் பார்த்த மாணவி, சாஃப்ட்வேர் சீரியலையும் அப்படியே சோதிக்கலாம் என்று 2, 3 பின்களை இணைத்தார். ஒன்றும் வரவில்லை. பதற வேண்டியதில்லை: சாஃப்ட்வேர் சீரியலால் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. பேசும்போது இண்டரப்டை (நடக்கும் வேலையை இடைமறித்து, வந்த சிக்னலைக் கவனிக்க வைக்கும் ஏற்பாட்டை) நிறுத்திவிடுகிறது, அதனால் தன் குரல் தனக்கே கேட்காது. அது பழுதில்லை, சோதனைதான் பொருந்தாதது. இதை அறியாமல் நல்ல பின்களைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

இரண்டாவது படி, மாட்யூலை மட்டும் தனியே சோதிப்பது. சார்ஜரும் ரெகுலேட்டரும் இருக்கட்டும், என் யுஎஸ்பி-டிடிஎல் ஒயரின் கிரவுண்டைச் சேர்த்துக் கட்டி, மாட்யூலின் டிஎக்ஸை மட்டும் கேட்டோம். பேச முயலவில்லை. வேகத்தை 74880-இல் வைத்து மின்சாரம் கொடுத்தோம்.

அந்த எண் விசித்திரமாகத் தெரியும். சிப்பின் ரோமில் எழுதப்பட்ட தொடக்கப் புரோகிராம், சிப்புக்குத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் 40 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு 115200-இல் பேச முயல்கிறது. மாட்யூலில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74880. மாணவி இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு வரிக் குப்பை, வேறு வேகத்தில் கேட்ட ஒழுங்கான வாக்கியம். சரியான வேகத்தில் அது தெளிவாக விழுந்தது: 2013 ஜனவரி 8 என்ற ரோம் தேதி, எதனால் ரீசெட் ஆனது என்று ஒரு எண், எந்த நிலையில் எழுந்தது என்று அடைப்புக்குள் இரண்டு எண். அந்த இரண்டில் முதல் எண் 3 என்றால் வழக்கமான தொடக்கம், 1 என்றால் ஃபெர்ம்வேருக்குக் காத்திருக்கும் நிலை.

எங்களுக்கு 1 வந்தது.

ஜிபிஐஓ-0-இல் கட்டிய ஒயரை எடுத்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தோம். ஈஎஸ்பி-01-இன் எட்டுப் பின்னும் நான்கு நான்காக இரண்டு வரிசை. சால்டர் இல்லாமல் ஒயர் குத்தும் பிரெட்போர்டில் நேராகக் குத்தினால் எதிரெதிர்ப் பின்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதனால் எட்டுத் தனி ஒயர் செருக வேண்டும். எல்லாம் ஒரே நிறம். நான்காம் நாள் மறுபடி மாட்டியபோது கிரவுண்டு ஒயர் ஒன்று தவறுதலாக ஜிபிஐஓ-0 பின்னில் உட்கார்ந்திருந்தது. கழற்றியதும் 3 வந்தது. 115200-க்கு மாறி ‘ஏடி’ அடித்தோம், ‘ஓகே’ வந்தது. மாட்யூல் சாகவில்லை. ஆசிரியர் நோட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

மூன்றாவது படி மின்சாரம். நான் போனில் சொன்னது சரிதானா என்று எனக்கே பார்க்க ஆசை. மாட்யூலை மறுபடி யூனோவின் 3.3 வோல்ட் பின்னில் மாட்டி, வைஃபை நெட்வொர்க்குகளைத் தேடும் கட்டளை கொடுத்தோம். மல்டிமீட்டர் 3.28 என்று ஆடாமல் அசையாமல் நின்றது. ஸ்கோப்பில் பார்த்தால் ரேடியோ எழும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் 2.5-க்கும் கீழே ஒரு கணம் குழி விழுந்து மேலே வந்தது. நெட்வொர்க் பட்டியல் வருவதற்குப் பதில் தொடக்க வரி மறுபடி வந்தது. மாட்யூல் விழுந்து எழுந்திருக்கிறது. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், மில்லி விநாடிக் குழி அதற்குத் தெரியாது. முதல் நாள் வெறும் ‘ஏடி’க்குப் பதில் வந்ததன் காரணமும் விளங்கியது: அந்தப் பதிலுக்கு ரேடியோ தேவையில்லை.

சார்ஜர், ரெகுலேட்டர் பக்கமே திரும்பினோம். மாட்யூலின் கால்களுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. குழி மறைந்தது.

நான்காவது படி வேகம். யுஎஸ்பி-டிடிஎல் ஒயர் வழியாகவே ‘ஏடி+யுஏஆர்டி_டெஃப்=9600,8,1,0,0’ கட்டளை கொடுத்தோம். வேகம், எட்டு டேட்டா பிட், ஒரு ஸ்டாப் பிட், பாரிட்டி இல்லை, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. ‘டெஃப்’ என்று முடிவதால் மின்சாரம் போனாலும் நினைவில் இருக்கும். ஏன் 9600? யூனோவின் சிப் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பில் ஓடுகிறது. 115200 வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 8.7 மைக்ரோ விநாடி, ஏறக்குறைய 139 துடிப்பு. அதற்குள் இண்டரப்டில் நுழைந்து, நேரம் எண்ணி, பிட்டின் நடுவில் சரியாகப் பார்க்க வேண்டும். வேறொரு இண்டரப்ட் கொஞ்சம் தாமதப்படுத்தினாலும் எழுத்து பிழையாகும். 9600-இல் ஒரு பிட்டுக்கு 1,667 துடிப்பு கிடைக்கிறது. தொட்டி மட்டத்தை அனுப்ப இந்த வேகமே தாராளம்.

மாட்யூலை ஹார்டுவேர் சீரியலுக்கே மாற்றலாமா என்றும் யோசித்தோம். நம்பகத்தில் அதுதான் மேல். ஆனால் ஒவ்வொரு முறை புரோகிராம் ஏற்றும்போதும் ஒயரைக் கழற்ற வேண்டும், நடப்பதைத் திரையில் பார்க்கவும் வழியிருக்காது. கற்றுக்கொள்ளும் ஒருவருக்குக் கண் தெரிவது முக்கியம் என்று சாஃப்ட்வேர் சீரியலிலேயே நின்றோம். இந்த முடிவுக்கு அப்புறம் ஒரு விலை கொடுத்தோம்.

கடைசியாக யூனோவை இணைத்தோம். 3-ஆம் பின்னிலிருந்து மாட்யூலின் ஆர்எக்ஸுக்கு நடுவே ஒரு கிலோ ஓமும், அங்கிருந்து கிரவுண்டுக்கு இரண்டு கிலோ ஓமும் வைத்து 5 வோல்ட்டை 3.3 ஆக்கினோம். இரண்டு கிலோ கையில் இல்லை, ஒரு கிலோ இரண்டைத் தொடராகக் கட்டினோம். எதிர்த் திசையில் மாட்யூலின் 3.3 வோல்ட்டை யூனோ நேராகவே படித்துக்கொள்ளும்; 5 வோல்ட்டில் ஓடும் அந்தச் சிப்புக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே ‘ஒன்று’தான். மெல்லிய இடைவெளிதான், ஆனால் ஒயர் ஒரு சாண் நீளம் என்பதால் தொந்தரவு வரவில்லை.

மாலை நான்கரைக்கு யூனோ கேட்டது, மாட்யூல் பதில் சொன்னது.

ஆறாம், ஏழாம் நாள்: பாதியில் அறுந்த பெயர்கள்

அடுத்த குறை சின்னது. நெட்வொர்க் பட்டியல் கேட்டால் ஒன்றரை வரி வந்து, பக்கத்துத் தோட்டத்து வைஃபையின் பெயர் நடுவிலேயே அறுந்துவிடும். சாஃப்ட்வேர் சீரியலின் தற்காலிகச் சேமிப்பு 64 பைட். 9600 வேகத்தில் அது 67 மில்லி விநாடியில் நிரம்பிவிடும். மாணவியின் புரோகிராமோ கட்டளை அனுப்பிவிட்டு இரண்டு விநாடி ‘டிலே’ வைத்து, அதற்கப்புறம்தான் படிக்கத் தொடங்கியது. அதற்குள் வந்த மிச்சமெல்லாம் கீழே கொட்டிப் போயிருக்கும். தூங்கி எழுந்து படிக்காமல், வர வரப் படிக்கும்படி மாற்றினார். போனிலேயே முடிந்த வேலை. ஏழாம் நாள் மாலை ஆசிரியரின் மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடியே தொட்டி வரைபடத்தைப் பார்த்தார்.

எட்டாம் நாள்: நிறையாத தொட்டி நிறைந்தது

மறுநாள் சாயங்காலம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வரைபடம் திடீரென்று ‘நிறைந்தது’ என்று காட்டியது. அத்தை (ஆசிரியரின் மனைவி) மோட்டாரை நிறுத்திவிட்டார். காலையில் குளியலறைக் குழாயில் காற்றுதான் வந்தது. மாடி ஏறிப் பார்த்தால் தண்ணீர் கால்வாசிகூட இல்லை. “நான் ஏறிப் பாத்தே போட்டிருப்பேன்” என்று அத்தை சொன்னதை மாணவி எனக்கு அப்படியே அனுப்பியிருந்தார். மோட்டாரைத் தானியங்கியாக்காதது நல்லது என்றது இதனால்தான்.

சென்சார் கெட்டுவிட்டது என்று நினைப்பது இயல்பு. நான் முதலில் இரண்டு நாள் அளவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று விஷயம் கண்ணில் பட்டது. பிழை எல்லாம் ஒரே பக்கம். தண்ணீர் இருப்பதைவிட உயரமாகக் காட்டியது, ஒருமுறைகூடத் தாழ்வாகக் காட்டவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதிகம். சென்சார் மட்டும் தனியாக, மாட்யூலைக் கழற்றி ஒரு மணி நேரம் ஓட்டியபோது ஒரு பிழையும் இல்லை. கெட்டுப்போன சென்சார் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது.

நடந்தது இது. சென்சார் எதிரொலி வரும்வரை ஒரு பின்னை உயர்த்தி வைக்கும். எவ்வளவு நேரம் உயர்ந்திருந்தது என்று யூனோ எண்ணும். ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ விநாடி. அதே நேரத்தில் மாட்யூல் ஒரு எழுத்து அனுப்பினால், சாஃப்ட்வேர் சீரியல் எண்ணிக்கையை நிறுத்தி வைத்துவிட்டு அந்த எழுத்தை வாங்கப் போகிறது. 9600-இல் ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. அந்த நேரம் எண்ணிக்கையில் சேராது. ஒரு மில்லி விநாடி போனால் 17 சென்டிமீட்டர் போனது. தூரம் குறைந்தால் தண்ணீர் உயர்ந்ததாகக் கணக்கு.

எந்த எழுத்து? அனுப்பச் சொன்னதை மாட்யூல் அனுப்பி, இணைய சேவை பதில் கொடுத்து, இணைப்பை மூடும்போது, நாம் கேட்காமலே ‘குளோஸ்டு’ என்று ஒரு வரி சொல்லும். வரிமுடிவோடு எட்டு எழுத்து, எட்டு மில்லி விநாடி. தொட்டியின் அடிவரை உள்ள 118 சென்டிமீட்டர் தூரத்துக்கே ஏழு மில்லி விநாடிக்குள்தான் ஆகும். அந்த ஒரு வரி ஒரு முழு அளவீட்டையே விழுங்கிவிடும். அப்படி விழுங்கினால் எதிரொலியைப் பார்க்காத யூனோ ஒரு விநாடி காத்திருந்து பூஜ்யம் என்று திருப்பித் தரும். ‘கேட்கவில்லை’ என்பதுதான் அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம். புரோகிராம் அதைப் ‘பூஜ்யம் சென்டிமீட்டர்’ என்று எடுத்துக்கொண்டு, தொட்டி விளிம்பு வரை தண்ணீர் என்றது. இரவில் இணையம் மந்தமாகும்போது பதில் தாமதமாகி, அடுத்த அளவீட்டின் மேல் வந்து விழுந்திருக்கிறது.

திருத்தம் மூன்று இடத்தில். ஒன்று, முதலில் அளப்பது, அப்புறம் அனுப்புவது; அனுப்பிய பிறகு ‘குளோஸ்டு’ வரும்வரை, அல்லது அதிகபட்சம் ஐந்து விநாடி, கேட்டுக்கொண்டே இருப்பது. இரண்டு, அளக்கும் முன் சாஃப்ட்வேர் சீரியலையே மூடிவிடுவது. மூன்று, பூஜ்யம் வந்தால் அந்த அளவைத் தூக்கிப்போட்டு, ஐந்து அளவை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் எடுப்பது. மூன்றாவது ஒன்றே போதும் என்று மாணவி சொன்னார். வரைபடம் அழகாகியிருக்கும், உண்மைதான். ஆனால் காரணம் உள்ளேயே கிடந்திருக்கும், அதனால் முதல் இரண்டையும் வலியுறுத்தினேன்.

முடிவு

பத்தாம் நாள் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்ததில் ஒரு பொய்யான அளவும் வரவில்லை. அடுத்த வாரம் பிரெட்போர்டை விட்டுவிட்டு ஒரு டாட் போர்டில் சால்டர் செய்து, பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் அடைத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தார்கள். மாணவி விடுமுறை முடிந்து போன பிறகு ஒரே ஒரு தடவை நின்றது: வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள்.

அடுத்த முறை என்ன மாறும்

என் பக்கம்: போனில் இனி ஒரு நேரத்தில் ஒரு யோசனைதான். அதைச் செய்து என்ன தெரிந்தது என்று கேட்ட பிறகுதான் அடுத்தது. நான் இரண்டைச் சேர்த்துச் சொன்னதால், இருந்த இரண்டு பழுதோடு கிரவுண்டும் வேகமும் சேர்ந்து, நடக்கும் மாட்யூலைச் செத்ததாக ஒரு பெண் ஒன்றரை நாள் நம்பினார்.

மாணவியின் பக்கம்: ஒயருக்கு நிறம். மின்சாரம் சிவப்பு, கிரவுண்டு கறுப்பு, மாட்யூல் பேசுவது பச்சை, கேட்பது மஞ்சள் என்று இப்போது வைத்திருக்கிறார். ‘டிஎக்ஸுக்கு டிஎக்ஸ்’ என்று எழுதாமல் ‘மாட்யூலின் வாய், யூனோவின் காது’ என்று நோட்டில் எழுதுகிறார். படம் பார்த்து மாட்டும் முன் அந்தப் படம் எதற்கானது என்று தலைப்பைப் படிக்கிறார். மாட்யூல் எழும்போது விழும் குப்பையை இனி முதலில் 74880-இல்தான் படிப்பேன் என்கிறார்.

சாமான் பக்கம்: இதே வேலையை இன்று தொடங்கினால் யூனோவும் ஈஎஸ்பி-01-உம் வேண்டாம், யுஎஸ்பி உள்ள ஈஎஸ்பி8266 போர்டு ஒன்றே போதும் என்பேன். ரெகுலேட்டர் அதிலேயே இருக்கிறது, இரண்டு சிப்புக்கு நடுவே சீரியல் ஒயரே கிடையாது. மாறாகச் சென்சாரின் எதிரொலிப் பின் 5 வோல்ட் கொடுக்கும், அந்த ஒயரில் அதே ஒரு கிலோ, இரண்டு கிலோ ஓமை வைக்க வேண்டும். ஆசிரியர் அப்படி ஒரு போர்டை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். டப்பாவில் இருப்பது ஓடும்வரை அதைத் தொட அத்தை விடமாட்டார் என்று தோன்றுகிறது.